ரோமியோவின் அப்பா

"நாடகம் படிச்சுப்போட்டு என்ன செய்யப்போறாய்?" அப்பா அடிக்கடி கேட்கிற கேள்வி. அதுக்குப் பதில் தேடப்போய்த்தான் வில்லியம் மக்ரீடியிடம் வந்து சேர்ந்தேன். பெயர்பெற்ற நடிகர் மக்ரீடி இல்லை, அவரின் அப்பா.

அவர் டப்ளினில் பிறந்தவர். லண்டன் கொவென்ட் கார்டன் அரங்கில் நடித்துவிட்டு, 1795இல் பர்மிங்ஹாம் அரங்கைப் பொறுப்பெடுத்தார். லண்டனுக்கு வெளியே அரங்கு நடத்துவதென்றால் வாடகை, நடிகர் சம்பளம், நட்சத்திரத்துக்குப் பங்கு எல்லாம் முகாமையாளர் தலையில்தான். சனம் வராட்டியும் குடுக்கத்தான் வேணும். 1809இல் கடன் முற்றி லங்காஸ்டர் சிறைக்குப் போனார்.

மகனுக்கு அப்போது 16 வயது. ரக்பி பாடசாலையில் படித்து சட்டத்தரணியாக விரும்பியவன். படிப்பு நின்றது, அப்பாவின் குழுவைக் கொண்டு நடத்தினான். 1810இல் பர்மிங்ஹாம் மேடையில் ரோமியோவானான். பிறகு இங்கிலாந்தின் முதல்தர நடிகனானபோதும் அந்தத் தொழில் மீதான கசப்பு போகவேயில்லை.

முதலில் அந்த அப்பாவில எனக்குக் கோபம்தான் வந்தது. பிறகு யோசிச்சன். மகனை ரக்பிக்கு அனுப்பினதும் இதே நாடகக் காசுதானே? தன்ர பிள்ளை மேடைக்கு வரக்கூடாது எண்டு விரும்பினவரும் அவர்தான். அப்பிடியிருந்தும் அவரால அரங்கை விட முடியேல்லை. 1829இல் சாகும்வரை பிரிஸ்டல் அரங்கை நடத்தினார்.

என்ர அப்பாவின் கேள்விக்குள்ளும் அந்தப் பயம்தான் இருக்குப்போல. இன்னும் பதில் இல்லை. எங்கட அடுத்த நாடகத்துக்கு அவரைக் கூப்பிடப்போறன். டிக்கெட் மட்டும் காசு குடுத்துத்தான் எடுக்கவேணும்.