ஸ்டேஷன் பெஞ்ச்

படுக்கையில் கிடப்பவரைப் பார்க்கப் போகிறவர்கள் ஹார்லிக்ஸ், சாத்துக்குடியோடு போவார்கள். பத்து நிமிஷம் உட்கார்ந்துவிட்டு, வீட்டுப் பெண்ணிடம் "நல்லாப் பாத்துக்கம்மா" என்று சொல்லிவிட்டுக் கிளம்புவார்கள். அவள் எப்போது தூங்கினாள் என்று யாரும் கேட்பதில்லை.

சென்னை கொரட்டூர் ஹவுசிங் போர்டு பக்கம் ஒரு வீட்டுக்குத் தன்னார்வலராகப் போய்க்கொண்டிருந்தேன். வாய்ப்புற்று முற்றிய நிலை. நான்கு மணி நேரத்துக்கொரு மார்ஃபின் மாத்திரை. இரண்டு மணி நேரத்துக்கொரு தரம் புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் முதுகில் புண் வந்துவிடும். புண் வாடைக்கு மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துத் தூவ வேண்டும். மூக்குக்குழாய் வழியே கஞ்சி. இதற்கு நடுவே அவர் மனைவி எங்கே கண்ணயர்வது? நான் அங்கே பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. "நான் இருக்கேன், நீங்க வெளிய போயிட்டு வாங்கக்கா" என்பேன்.

முதலில் மறுத்தார். புருஷன் இப்படிக் கிடக்கையில் தெருவில் இறங்கினால் நாலு பேர் பேசமாட்டார்களா! பேசத்தான் செய்வார்கள். ஒரு நாள் துணிந்து போனார். வந்ததும் எங்கே போனீர்கள் என்று கேட்டேன்.

"ஸ்டேஷன் பெஞ்சுல உக்காந்திருந்தேன். ரெண்டு அரக்கோணம் வண்டி போச்சு."

கோயில், மளிகை என்று சாக்குச் சொல்லாததே எனக்குப் பெரிய முன்னேற்றமாகப் பட்டது.

பார்த்துக்கொள்பவரையும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது புதிய யோசனை இல்லை. லண்டனில் 1967இல் சிசிலி சாண்டர்ஸ் கடைசிக்கால நோயாளிகளுக்காகத் தொடங்கிய செயின்ட் கிறிஸ்டோபர் ஹாஸ்பைஸ், நோயாளியின் குடும்பத்தையும் சேர்த்தே கவனித்தது. கோழிக்கோட்டில் டாக்டர் ராஜகோபாலும் நண்பர்களும் 1993இல் ஆரம்பித்த வலி தணிப்பு வேலை, சில ஆண்டுகளில் டாக்டர்கள் கையிலிருந்து அக்கம்பக்கத்தார் கைக்குப் போனது. கேரளத்தின் கெட்டிக்காரத்தனம் அதுதான். இங்கே தமிழ்நாட்டில் 2021இல் வந்த அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' வழியாக நர்ஸ் வீட்டுக்கே வருகிறார், நல்ல திட்டம். ஆனால் கட்டு மாற்றிவிட்டு அவர் அடுத்த வீட்டுக்குப் போயாக வேண்டும். ராத்திரிக்கு யார்? ஏரியில் சாக்கடை கலக்கிறது என்று பசுமைத் தீர்ப்பாயம் வரை போன ஊர் கொரட்டூர். தெருவுக்கு நாலு பேர் முறை வைத்து உட்கார இங்கே ஆள் கிடைக்காதா என்ன?

வலி கட்டுக்கு அடங்காமல் போனபோது, மணலி பக்கம் மாத்தூரில் இருக்கும் ஜீவோதயா பற்றிச் சொன்னேன். புற்றுநோயாளிகளைக் காசு வாங்காமல் பார்த்துக்கொள்ளும் ஹாஸ்பைஸ். ஆவடியிலிருந்து வந்திருந்த நோயாளியின் அண்ணன் கொதித்துவிட்டார்: "எங்க வீட்டு ஆளை அநாதை மாதிரி கொண்டுபோய் விடணுமா?"

அக்கா எதிர்த்துப் பேசவில்லை. "அப்ப இன்னிக்கு ராத்திரி நீங்க கூட இருங்க மாமா. நான் கொஞ்சம் படுத்துக்கறேன்" என்றார்.

மறுநாள் காலை நான் போனபோது, ஜீவோதயாவில் பார்வையாளர் நேரம் என்ன என்று மாமா என்னிடம் விசாரித்தார்.