இருபது எழுத்தும் ஏழு அசையும்

முதலாண்டு மாணவன் ஒருவன் ஆங்கில வகுப்பிலே பத்தியொன்றை உரக்க வாசித்து வருகிறான். 'அன்கரக்டரிஸ்டிக்லி' என்னும் சொல் எதிர்ப்படுகிறது. இயல்புக்கு மாறாக என்பது அதன் பொருள். அஃது அவனுக்குத் தெரியும். எனினும், 'அன்-சாரக்டர்-இஸ்டிக்-அல்லி' என வாசித்துவிடுகிறான். பின்வரிசையிலே சிரிப்பு எழுகிறது. அதன்பின் அத்தவணை முழுவதும் அவன் அவ்வகுப்பில் வாய் திறப்பதில்லை. சிங்கள மாணவர் ஆங்கிலத்தைக் 'கடுவ', அதாவது வாள், என்பது வெறும் வேடிக்கைப் பேச்சன்று.

அவன் செய்த பிழைதான் யாது? நன்னூல் கற்றவன் பகுபதத்தைப் பிரிப்பதுபோலச் சொல்லைப் பொருளுறுப்புகளாகப் பிரித்தான். முன்னே 'அன்' என்னும் எதிர்மறை ஒட்டு, நடுவே 'கரக்டர்', பின்னே 'இஸ்டிக்', 'அல்', 'லி' என்னும் ஒட்டுகள். பிரிப்பிலே குற்றமில்லை. நடுவிலுள்ளது கிரேக்க வழிச் சொல். செதுக்கிய அடையாளம் என்பது அதன் பழம்பொருள். கிரேக்க வழி வந்தமையாலேயே, சகரமாகத் தோன்றும் இரட்டை எழுத்து அங்கே ககரமாக ஒலிக்கிறது.

ஆனால் நாவு பொருளுறுப்பின் எல்லையை மதிப்பதில்லை. 'கரக்டர்' என்பதன் ஈற்று ரகரத்தின்மேல் 'இஸ்டிக்' என்பதன் இகரம் ஏறி 'ரிஸ்' என்னும் அசை பிறக்கிறது. மெய்யின்மேல் உயிர் வந்து ஒன்றுதல் தமிழ் மாணவனுக்குப் புதுமையா? அன்-க-ரக்-ட-ரிஸ்-டிக்-லி: எழுத்து 20, அசை 7. எழுதப்படும் 'அல்' பேச்சிலே மறைந்துபோகிறது.

இடர்ப்பாடு அழுத்தத்திலேதான். 'கரக்டர்' முதலசையில் அழுத்தம் பெறும். 'இக்' என்னும் முடிவு சேர்ந்ததும், அதற்கு முந்திய அசையாகிய 'ரிஸ்' மீது அழுத்தம் பெயர்ந்துவிடுகிறது. பொருளியல் மாணவர் நாள்தோறும் கேட்கும் 'இக்கொனமி' இரண்டாம் அசையிலும், 'எக்கனொமிக்' மூன்றாம் அசையிலும் அழுத்தம் பெறுவது இதனாலேயே. 'அரபிக்', 'கத்தோலிக்' போன்ற சில இவ்விதிக்கு அடங்கா. அழுத்தம் இழந்த 'ரக்', 'ட' என்பவற்றின் உயிரொலி தேய்ந்து மங்குகிறது. குற்றியலுகரம் அறிந்த செவிக்கு இத்தேய்வு விளங்காததன்று. ஆங்கிலத்திலோ அது சொல்லின் நடுவிலும் நிகழ்கிறது, எழுத்தோ அதனைக் காட்டுவதில்லை. எழுத்துக்கெல்லாம் முழு ஒலி கொடுத்துப் பழகியவன் இதைக் கேட்டே பழகவேண்டும்.

விரிவுரையாளர் அச்சொல்லைக் கரும்பலகையில் எழுதி, 'ரிஸ்' மீது ஒரு கோடிட்டு, சிரித்தவர்கள் உட்பட வகுப்பு முழுவதையும் மேசையில் ஏழு தட்டுத் தட்டிச் சொல்ல வைத்திருப்பின், இரண்டு நிமிடம் சென்றிருக்கும்.