மூத்தோரும் கைத்தொலைபேசியும்

2020ஆம் ஆண்டிற் கொரோனா ஊரடங்கு வந்திராவிடின், எம்மிற் பலர் சூம் வகுப்பின் வாயிலை எட்டியும் பார்த்திருக்கமாட்டோம். பேரப்பிள்ளைகள் பாடங் கேட்ட அதே திரையின் முன் பின்னர் யாமும் மாணவராய் அமர்ந்தோம். பழைய மாணவருள் இளையோர் சிலர் ஆசிரியராயினர். அவர்களுக்குக் கணிதம் புகட்டிய ஓய்வுபெற்ற ஆசான்களே முன்வரிசை மாணாக்கர். (ஒலியை நிறுத்த மறந்து இருமியவர்களும் அவர்களே.)

எதனை அழுத்துவதென்று அவ்வகுப்புகள் நன்கு கற்பித்தன. எதனைக் கொடுக்கலாகாதென்பதற்குப் போதிய நேரம் ஒதுக்கவில்லை. வாட்ஸ்அப் கணக்கொன்றை வேறொரு தொலைபேசியில் திறக்க முயன்றால், உரியவரின் எண்ணுக்கு ஆறிலக்கக் குறியீடொன்று வரும். கள்வன் அதனை இனிய மொழியிற் கேட்டு வாங்குவான். பின் கணக்கு அவனுடையது. எம் வகுப்புத் தோழரொருவருக்கு இது நேர்ந்தது. அவர் பெயரில், அவர் படத்துடன், அவசரமாகப் பணம் வேண்டுமென்று எமக்கெல்லாம் செய்தி வந்தது. ஐம்பது ஆண்டுகளாய் 'மச்சான்' என்றே அழைத்தவர் திடீரென 'ஐயா' என்றமையால் ஐயுற்ற நண்பரொருவர், அவரது வீட்டுத் தொலைபேசிக்கு அழைத்துப் பேசினார், களவு வெளியாயிற்று. அதற்குள் இருவர் தம் ஓய்வூதியப் பணத்தை அனுப்பிவிட்டனர். நாணத்தால் ஒரு மாதம்வரை அதனை எவர்க்கும் உரைத்திலர். 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் இத்தகையோரைத் தண்டிக்கும். சென்ற பணத்தை மீட்பதோ அரிது.

இப்போது வகுப்பின் முதற்பாடம் மாறிவிட்டது. ஒவ்வொருவரும் வாட்ஸ்அப்பில் இருபடிச் சரிபார்ப்பைத் திறந்து, தாம் மட்டுமே அறிந்த இரகசிய எண்ணொன்றை இடவேண்டும். பணங் கேட்டுச் செய்தி வரின், கேட்டவரின் குரலைக் கேட்டபின்னரே மறுமொழி. அடுத்த வகுப்பில் அவ்விருவரும் தம் அநுபவத்தைத் தாமே எடுத்துரைக்க இசைந்துள்ளனர்.