டிம் லைட்டில் தெரியும் பாதை

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும் வண்டிகள் பர்லியாறில் நின்று மங்குஸ்தான் வாங்கிக்கொண்டு புறப்படும்போது சாலை பளிச்சென்று இருக்கும். நாலு வளைவு தாண்டுவதற்குள் மேகம் இறங்கிவிடும். எதிரே வரும் பஸ் தெரியாது, அதன் ஹாரன் மட்டும் கேட்கும்.

சமவெளியிலிருந்து வந்தவரின் கை உடனே பிரைட்டுக்குப் போகிறது. இருட்டினால் வெளிச்சத்தைக் கூட்டுவது கைக்குப் பழகிய பாடம். மூட்டத்தில் அது காலை வாரிவிடும். காற்றில் மிதக்கும் நுண்ணிய நீர்த்துளிகள் ஒளியைச் சிதறடித்து, ஓட்டுபவரின் கண்ணுக்கே திருப்பி அனுப்புகின்றன. கண்ணாடிக்கு முன்னால் வெள்ளைச் சுவர் எழும்பி நிற்கிறது. டிம்முக்கு மாற்றினால் ஒளி தாழ்ந்து விழும். கொஞ்சம் தார்ச்சாலையும் இடது ஓரத்து வெள்ளைக் கோடும் தட்டுப்படும். பனி விளக்கைப் பம்பரில் தாழ்வாகப் பொருத்துவதும் இதற்காகத்தான்.

வேகம் இன்னொரு கண்கட்டு. பக்கத்து மரங்களும் மைல்கல்லும் மங்கிவிட்டால், வண்டி மெதுவாகப் போவதுபோலவே தோன்றும். 1998-இல் நேச்சர் இதழில் வெளியான ஆய்வு ஒன்று, மூட்டம் அடர அடர ஓட்டுபவர்கள் தம்மை அறியாமல் வேகம் கூட்டுவதைப் பதிவு செய்தது. ஆகவே உணர்வை நம்பாமல் வேகமானியின் முள்ளைப் பார்க்க வேண்டும். மணிக்கு 60 கிலோமீட்டரில் போகும் வண்டி ஒரு நொடியில் ஏறக்குறைய 17 மீட்டர் ஓடிவிடும். கால் பிரேக்கைத் தொடுவதற்கு முன்பே கடந்துவிடும் தூரம் அது. முப்பது மீட்டர்தான் தெரிகிறது என்றால், அந்த முப்பதுக்குள் நிற்கக்கூடிய வேகமே சரியான வேகம்.

பகல்தானே என்று விளக்கே போடாமல் வருகிறவர்களைக் கண்டால்தான் நெஞ்சு பதறுகிறது. மூட்டத்தில் வெள்ளைக் காரும் சாம்பல் நிறக் காரும் கரைந்துபோகின்றன. சில கார்களில் முன்னால் பகல் விளக்கு தானாக எரியும். பின்னால் ஒன்றும் எரியாது. ஓட்டுபவர் விளக்கு எரிகிறது என்று நம்பிக்கொண்டிருப்பார். பின்னால் வரும் லாரிக்காரருக்கோ அங்கே வண்டி இருப்பதே தெரியாது. ஹெட்லைட் சுவிட்சைத் திருப்பினால் பின்விளக்கும் சேர்ந்து எரியும். 2017 ஏப்ரல் முதல் இந்தியாவில் விற்கும் புதிய இருசக்கர வாகனங்களில் முன்விளக்கு எப்போதும் எரிய வேண்டும் என்ற விதி வந்ததும் இப்படி மற்றவர் கண்ணில் படுவதற்காகத்தான்.

ஹசார்டு விளக்கைச் சிமிட்டவிட்டபடியே ஓட்டுவதும் பரவலான பழக்கம். நான்கு மூலையும் சிமிட்டினால், வண்டி எந்தப் பக்கம் திரும்பப் போகிறது என்பது யாருக்கும் புரியாது. ஓடுகிறதா நிற்கிறதா என்றுகூடச் சந்தேகம் வரும். பழுதாகி நிற்கும் வண்டிக்கு உரிய குறி அது.

இந்தப் பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். மலை ஓட்டுநர்கள் ஒவ்வொன்றுக்கும் முன்பு ஹாரன் அடித்து, ஒரு கணம் பதிலுக்குக் காது கொடுப்பார்கள். குறுகலான இடத்தில் இறங்கும் வண்டி ஒதுங்கி நிற்கும். ஏறும் வண்டிக்கே முதல் வழி. கண் ஓயும்போது காது வேலை செய்யட்டும் என்று, கண்ணாடியை இரண்டு விரற்கடை இறக்கியும் வைப்பார்கள். பாட்டுப் பெட்டி ஓய்ந்துவிடும்.

குன்னூரை நெருங்கும்போது மேகம் பிரிந்து தேயிலைச் சரிவு பச்சையாக வெளிப்படுகிறது. பின்பக்கச் சிவப்புப் பனி விளக்கு உள்ள வண்டியில் அதை உடனே அணைக்க வேண்டும். பிரேக் விளக்கு அளவுக்குச் சுடர்விடும் அது, தெளிந்த காற்றில் பின்னால் வருகிறவரின் கண்ணைக் கூச வைக்கும். பிரிட்டனில் பார்வை வெகுவாகக் குறையும்போது, பொதுவாக 100 மீட்டருக்கு மேல் தெரியாதபோது மட்டுமே அதைப் போட வேண்டும், தெளிந்ததும் அணைக்க வேண்டும் என்பது சட்டம். இங்கே அனுபவப்பட்ட ஓட்டுநர் ஒருவர் கண்ணாடியில் பின்னால் ஒருமுறை பார்க்கிறார். கை சுவிட்சைத் தட்டுகிறது. பின்னால் வரும் மினி பஸ் ஒருமுறை லைட்டை மின்னவிட்டு நன்றி சொல்லிவிட்டு, பின்தொடர்ந்து ஏறுகிறது.