பாண்டவர் வீட்டுக் கல்

வீட்டின் முன்னே ஒரு பூந்தோட்டம். அதன் நடுவே ஒரு பெருங்கல். மாலையில் அதன்மேல் அமர்ந்து நூல் படிக்க வேண்டும். கொடைக்கானல் மலைக்கு ஆசிரியப் பணி ஏற்று வந்த நாள் முதலாய் நாம் கொண்டிருந்த ஆசை இது. ஆசை சிறிது, கல்தான் பெரிது!

வீட்டின் பின்புறச் சரிவில் கிடந்த பாறை ஒன்றைத் தேர்ந்தோம். இவ்வகைக் கல் கன மீட்டருக்கு ஏறத்தாழ 2,700 கிலோ எடை கொண்டது. நாம் தேர்ந்தது அதில் பாதியளவு. முதியவர் ஒருவரும் இளைஞர் மூவரும் வந்தனர். கடப்பாரையை அடியில் கொடுத்து நெம்பினர். சிறு கற்களை முட்டுக் கொடுத்தனர். உருளைக் கட்டைகளைச் செருகினர். மேலே நின்ற மரத்தில் வடத்தைச் சுற்றிப் பிடித்தபடி சிறிது சிறிதாக இறக்கினர். இருபதடித் தொலைவு, அரைநாள் உழைப்பு. நெம்புகோலின் தத்துவத்தை நாம் கரும்பலகையில் எழுதியதுண்டு. அதனைத் தோளிலே தாங்கியவர்களை அன்றுதான் கண்டோம்.

ஆசை அத்துடன் அடங்கிற்றா? இல்லை. பேத்துப்பாறைப் பக்கம் உலவியபோது பார்த்துவைத்த பலகைக் கற்கள் நினைவுக்கு வந்தன. அவற்றில் ஒன்றைக் கொணர முடியுமா என்று கேட்டோம். முதியவர் முகம் மாறிற்று.

"அது பாண்டவர் வீடுங்க, வாத்தியாரய்யா. அந்தக் கல்லைத் தொட்டா குடும்பத்துக்கு ஆகாதுங்க."

நகைத்தோம். பாண்டவராவது, வீடாவது! கட்டுக்கதைக்கு அஞ்சி நடுங்கும் காலமா இது என்று சொற்பொழிவே நிகழ்த்தினோம். அவர் மறுமொழி கூறவில்லை. வடத்தைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்.

அன்றிரவு நூல்களைப் புரட்டினோம், நாணினோம். அவை கல்திட்டைகள்! பெருங்கற்காலத் தமிழ்நிலத்து மாந்தர், மாண்டோர் நினைவாகப் பலகைக் கற்களை நிறுத்தி, மேலே மூடுகல் ஏற்றி எழுப்பியவை. ஆங்லேட், நியூட்டன் என்ற பாதிரியார் இருவர் பழனி மலைக் கல்திட்டைகளை ஆராய்ந்து எழுதிய நூலை, இந்தியத் தொல்லியல் துறை 1928-இல் வெளியிட்டது. இரண்டு மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் அகலம், கால் மீட்டர் கனம் உள்ள மூடுகல்லின் எடை என்ன? கணக்கிட்டுப் பார்த்தோம்: இரண்டாயிரம் கிலோ! எந்திரமில்லாக் காலத்தில் அதனை ஏற்றியவன் வீமன் அல்லன். பெயர் எழுதப்படாத உழைப்பாளி. அவன் வியர்வையின் புகழை வடநாட்டுக் கதைமாந்தருக்கு வாரி வழங்கிவிட்டோம். கதை செய்த களவு அது. கல்லையே பெயர்த்திருந்தால், அது நாம் செய்த களவாகியிருக்கும்.

முதியவர் கூறிய காரணம் தவறு. ஆனால் அவர் அச்சம் கல்லைக் காத்தது. நாம் பேசிய பகுத்தறிவோ, ஆராயாமலே அதனை அழிக்க முனைந்தது. அஞ்சாமை மட்டுமா பகுத்தறிவு? ஆராய்ந்து அறிவதும், அறிந்ததைப் பேணுவதும் அன்றோ அது! மூடநம்பிக்கையை அகற்றுவோர், இதுகாறும் அது காத்துவந்த நல்லதைத் தம் தோளில் ஏற்கக் கடமைப்பட்டவர்கள்.

மறுநாள் அவர் வீடு தேடிச் சென்று, பிழையை ஒப்புக்கொண்டு, செய்தியைச் சொன்னோம். நெடுநேரம் எண்ணிப் பார்த்தார்.

"அப்படின்னா, எங்களாட்டம் கல் புரட்டுனவங்க கட்டுனதுங்களா?"

"ஆம், ஐயா."

அவர் நிமிர்ந்து அமர்ந்தார். அடுத்த விடுமுறையில் நம் மாணவரைக் கல்திட்டைகளுக்கு அழைத்துச் செல்கிறோம். கல் ஏற்றும் முறையை விளக்க அவரும் வருகிறார். அன்று பாடம் சொல்லப்போகும் ஆசிரியர் அவரே.