கேட்டு எழுதிய கவிஞர்

இலங்கை மலையகத்தில், பன்வில பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பிள்ளைகளுக்குக் கவிதை சொல்லிக்கொடுக்கும் எனக்கு வாத்தியார் சி. வி. வேலுப்பிள்ளை. நேரில் கண்டதில்லை, 1984இல் காலமாகிவிட்டார். ஆனால் என் வகுப்பு நடப்பது அவர் வழியில்தான்.

1914இல் மடக்கும்புர தோட்டத்தில் பிறந்தவர். 1947இல் தலவாக்கலையிலிருந்து பாராளுமன்றம் போனார். மறு வருடமே வந்த பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத்துச் சனத்தை நாடற்றவர்களாக்கியது. அந்த அரசியலைப் பலரும் எழுதிவிட்டார்கள். எனக்கு முக்கியம் அவருடைய காது.

ஆங்கிலத்தில் கவிதை எழுதிப் பேர் வாங்கியவர், லயத்துப் பெண்களின் தாலாட்டையும் ஒப்பாரியையும் கொழுந்து மலைப் பாட்டையும் தேடிக் குறித்துவைத்தார். ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ அப்படி வந்த தொகுப்பு. அவருடைய ஆங்கிலக் கவிதையை சக்தீ பால-ஐயா ‘தேயிலைத் தோட்டத்திலே’ என்று தமிழில் தந்தார். தேயிலைக்கடியில் புதைந்து கிடப்பவர்களுக்கு ஒரு நடுகல்கூட இல்லையே என்ற துயரம் அதில் ஓடுகிறது. அந்தத் துயரம் பொய்யாகத் தொனிக்காததற்குக் காரணம், பாடியவர்களை அவர் முதலில் கேட்டிருந்ததுதான் என்பது என் எண்ணம்.

என் வகுப்புப் பிள்ளைகள் முதலில் தாமரை, தென்றல், வெண்ணிலா என்றுதான் எழுதுவார்கள். பாடப்புத்தகம் கொடுத்த சொற்கள். அவற்றை அடிக்க மாட்டேன். “அப்பாயி பாடுறத ஒண்ணு கேட்டு எழுதிட்டு வாங்க, ஒரு சொல்லும் திருத்த வேணாம்” என்பேன். மட்டக்கம்பும் கவ்வாத்தும் பீலித் தண்ணீரும் பிரட்டுக்களமும் என்று தோட்டத்துச் சொற்கள் தாமாகவே கொப்பிக்குள் வந்துவிடும்.

அடியின் நீளத்தையும் அந்தப் பாட்டுகளே கற்றுத்தருகின்றன. தலையில் கயிறு மாட்டி, முதுகில் கூடையோடு சரிவில் நிற்பவளுக்கு நீண்ட அடி வராது. மூச்சு வாங்கும் இடத்தில் பாட்டு மடங்கும். பிள்ளைகள் எழுதியதை அந்த மூச்சில் வாசிக்கச் சொல்வேன். எங்கே தடுக்குகிறதோ, அங்கே ஒரு சொல் மிகை. யாப்பு அதற்குப் பிறகு வரட்டும்.

இப்போது போனில் பதிந்துவிடலாம், பதியவும் வேண்டும். ஒப்பாரி முழுதாகத் தெரிந்த கிழவிகள் குறைந்துவருகிறார்கள். ஆனாலும் முதலில் கையால் எழுதச் சொல்கிறேன். எழுதும்போதுதான் “அப்பாயி, திரும்பச் சொல்லுங்க” என்று கேட்க வேண்டிவரும். திரும்பச் சொல்லும்போது பாட்டில் ஒரு சொல்லாவது மாறும். இரண்டையும் எழுதிக்கொண்டு வந்தால், ஏன் மாறியது என்பதைத்தான் அடுத்த பாடத்தில் பேசுவோம்.