மீதி

கணக்கு என்றால் எனக்குச் சின்ன வயதிலிருந்தே பயம். என் நாவலில் ஒருவன் இருபது ரூபாய் கடன் வாங்கினால், பத்து அத்தியாயம் கழித்து அதைத் திருப்பிக் கொடுத்தானா இல்லையா என்பது எனக்கே தெரியாது. வாசகர்கள் கடிதம் எழுதித்தான் ஞாபகப்படுத்துவார்கள். அப்படிப்பட்டவனை ஒரு வாரம் முழுவதும் ஏழாம் வகுப்பில் உட்கார வைத்துவிட்டார் என் சிநேகிதர்.

திருப்பூரை அடுத்த ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் அவர் ஆசிரியர். "பனியன் கம்பெனியை வைத்து நாவல் எழுதப் போகிறேன் என்று மூன்று வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாய். கம்பெனிக்குப் போகாதே. என் வகுப்புக்கு வா" என்றார். போனேன்.

திங்கட்கிழமை காலை மேஜைமேல் ஒரு சின்னச் சந்தையே கூடியிருந்தது. வீட்டிலிருந்து ஆளுக்கொரு பொருள் கொண்டுவரச் சொல்லியிருந்தாராம். காலி நூல் கோன், வேஸ்ட் துணி, தைத்து மீந்த லேபிள், பிசிர் வெட்டும் சின்னக் கத்தரி, உடைந்த ஊசி. 'ஒரு பனியனின் பிரயாணம்' என்று கரும்பலகையில் எழுதிவிட்டு, "பஞ்சிலிருந்து பெட்டி வரைக்கும் வரிசையாகச் சொல்லுங்கள்" என்றார். அடேயப்பா! நூல், நிட்டிங், சாயம், காம்பாக்டிங், கட்டிங், ஓவர்லாக், பேட்லாக், செக்கிங், அயர்னிங், பேக்கிங் என்று நாற்பது குரல்கள். ஒடிசாவிலிருந்து வந்து ஒரு வருஷம்கூட ஆகாத பையன் ஒருவன், தமிழில் தடுமாறினாலும் இந்த வார்த்தைகளில் தடுமாறவில்லை. எல்லார் வீட்டிலும் யாராவது ஒருவர் இந்த வரிசையில் எங்கேயோ நிற்கிறார்.

இந்த முறை ஒன்றும் புதிதல்ல. 1918-இல் அமெரிக்கப் பேராசிரியர் கில்பாட்ரிக், குழந்தைகள் ஒரு காரியத்தைத் தாங்களே எடுத்துச் செய்து அதன் வழியே படிக்க வேண்டும் என்று எழுதினார். 1937-இல் வார்தாவில் காந்தியடிகள் கைத்தொழிலையே படிப்பின் நடுவில் வைத்தார். நம் ஊர் ஆதாரப் பள்ளிகளில் தக்ளி சுழன்றது அதனால்தான். கொடியை விடாமல் அடிபட்டு 1932 ஜனவரி 11 அன்று உயிர்விட்ட குமரனின் ஊரில் நூலைப் பாடமாக்குவது பொருத்தந்தானே என்று நான் மனத்துக்குள் ஒரு பிரசங்கம் தயார் செய்துகொண்டிருந்தேன்.

செவ்வாய்க்கிழமை அந்தப் பிரசங்கத்துக்கு ஆபத்து வந்தது. கட்டிங் மாஸ்டராக இருக்கும் ஒரு தகப்பனார், பையன் மறந்துவிட்ட சாப்பாட்டு டப்பாவைக் கொடுக்க வந்தவர், சுவரில் ஒட்டியிருந்த படங்களைப் பார்த்தபடி வாசலிலேயே நின்றுவிட்டார்.

"ஏனுங் சார், இதையெல்லாம் எம் பையன் ஊட்டுலயே கத்துக்குவானுங்களே. நானு பட்டது போதும், அவனாவது வேற வேலைக்குப் போகட்டும்னுதானுங்க பள்ளிக்கூடத்துக்கு அனுப்பறது. இங்கயும் பனியந்தானுங்களா?"

குரலில் கோபம் இல்லை. அதனால்தான் எனக்குச் சுருக்கென்றது. இந்தக் கேள்வியைத் தமிழ்நாடு ஒருமுறை ஊர் முழுக்கக் கேட்டிருக்கிறது. 1953-இல் ராஜாஜி, ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகள் பாதி நேரம் வகுப்பிலும் மீதி நேரம் பெற்றோரின் தொழிலிலும் இருக்கட்டும் என்றொரு திட்டம் கொண்டுவந்தார். 'குலக்கல்வி' என்று பெயர் சூட்டி ஜனங்கள் எதிர்த்தார்கள். அடுத்த வருஷமே காமராஜ் முதலமைச்சராகி அதைக் கைவிட்டார். செருப்புத் தைப்பவர் மகன் செருப்புத் தைக்கத்தான் வேண்டுமா என்ற பயம் நியாயமான பயம். அந்தத் தகப்பனாரின் கண்ணிலும் அதே பயத்தைத்தான் பார்த்தேன்.

சிநேகிதர் வாதாடவில்லை. "வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒரு மணி நேரம் வந்து உட்காருங்க" என்று மட்டும் சொன்னார்.

புதன்கிழமை கணக்கு. பத்து சென்டிமீட்டருக்குப் பத்து சென்டிமீட்டர் துணியை வெட்டி, கடன் வாங்கிவந்த நகைத் தராசில் வைத்தார்கள். 1.6 கிராம். அப்படியானால் ஒரு சதுர மீட்டர் 160 கிராம். "இதுதாங் சார் ஜி.எஸ்.எம்.!" என்று கத்தினான் கட்டிங் மாஸ்டர் மகன். வீட்டில் தினமும் காதில் விழுந்த சொல்லுக்கு அன்றுதான் அர்த்தம் தெரிந்ததாம். பிறகு நூல் நம்பர். முப்பதாம் நம்பர் நூல் என்றால் ஒரு பவுண்டில் 840 கெஜச் சிட்டங்கள் முப்பது. பெருக்கி, கெஜத்தை மீட்டராக்கி, பவுண்டைக் கிலோவாக்கிப் பார்த்தால், 150 கிராம் பனியனுக்குள் ஏழரைக் கிலோமீட்டர் நூல்! திருப்பூரிலிருந்து திருமுருகன்பூண்டி கோயிலுக்குக் கிட்டத்தட்டப் போய்ச் சேர்ந்துவிடலாம். நான் என் சட்டையை ஒருமுறை மரியாதையோடு தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை நொய்யல். வெள்ளியங்கிரியில் பிறந்து காவிரியில் சேரும் ஆறு, வழியில் திருப்பூர்ச் சாயத்தைச் சுமந்த கதை இவர்கள் பிறப்பதற்கு முந்தையது. பாசனத்துக்கென்று 1992-இல் ஒரத்துப்பாளையத்தில் கட்டிய அணை சாயக் கழிவுத் தேக்கமானது. கழிவை வெளியே விடாமல் சுத்திகரிக்கும் வரை ஆலைகளை மூடச் சொல்லி 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. சிநேகிதர் சாயமும் உப்பும் கலந்த தண்ணீரைக் காய்ச்சி, சாய்த்துப் பிடித்த மூடியில் படிந்த சொட்டுகளைக் கிண்ணத்தில் சேகரித்தார். சுத்தமான தண்ணீர். பிள்ளைகள் கைதட்டினார்கள். மூன்றாவது பெஞ்சில் இருந்த ஒரு பெண் மட்டும் பாத்திரத்தின் அடியை எட்டிப் பார்த்து, "இந்த மீதிய எங்கீங் சார் கொட்டறது?" என்றாள். உப்பும் சாயமும் கரிப்பிடித்துக் கிடந்தன. பெரிய பெரிய நிபுணர்களைத் திணற அடித்த கேள்வி அது.

அந்தப் பெண்தான் வெள்ளிக்கிழமையின் கதாநாயகி. அவள் அம்மா ஒரு பவர் டேபிளில் ஓவர்லாக் டெய்லர். பீஸுக்கு ஒரு ரூபாய் எண்பது காசு. முந்தின வார நோட்டைப் பெண் கொண்டுவந்து பலகையில் எழுதினாள்: 310, 295, 320, 280, 305, 290. மொத்தம் 1,800 பீஸ். கூலி 3,240 ரூபாய். ஆனால் கைக்கு வந்தது 3,175 ரூபாய் 20 காசு.

"எங்கே தப்பு?" என்றார் சிநேகிதர். வகுப்பு மௌனமாயிற்று. பெண் ஒவ்வொரு நாளையும் பன்னிரண்டால் வகுத்தாள். மீதி 10, 7, 8, 4, 5, 2. "டஜன் கணக்குலதாங் சார் கூலி போடறாங்க. டஜன் சேராத உதிரிய அன்னன்னைக்கே விட்டுடறாங்க." கூட்டினாள். முப்பத்தாறு. சரியாக மூன்று டஜன். அறுபத்து நாலு ரூபாய் எண்பது காசு. பின்வரிசையில் கட்டிங் மாஸ்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஒரு பையன், "அம்பது வாரத்துக்கு 3,240 ரூவாங் சார்! ஒரு வாரக் கூலி!" என்றான்.

எனக்கு ஆனந்தமாக இருந்தது. அடடா, என்ன அத்தியாய முடிவு என்று மனம் வசனம் எழுத ஆரம்பித்துவிட்டது. அப்போதுதான் ஜன்னலோரம் நின்ற அந்த அம்மாளைப் பார்த்தேன். வெளிறிப் போயிருந்தார்.

"சாமி, இதைய வெளிய சொல்லிப் போடாதீங்க. இருக்கற வேலையும் போயிரும்."

சிநேகிதர் முகம் கருத்துவிட்டது. பெண் சாக்குக்கட்டியைக் கையில் வைத்துக்கொண்டே தலை குனிந்தாள். எனக்கு அத்தியாயமாக இருந்தது அவர்களுக்கு அடுத்த வாரத்து அரிசி. கணக்குச் சரியாக வந்தால் போதும் என்று நினைத்திருந்தோம், இரண்டு பெரிய மனிதர்களும். அழிக்கச் சொல்லவும் மனமில்லை. அப்படியே விடவும் தைரியமில்லை. கடைசியில் கட்டிங் மாஸ்டர்தான் எழுந்து வந்து பலகையைத் துடைத்தார். துடைக்கும் முன்னால் அந்த ஆறு மீதிகளையும் ஒருமுறை வாய்க்குள் கூட்டிப் பார்த்தார்.

மறுநாள் சனிக்கிழமை, சம்பள நாள். இரவு ஒன்பது மணிக்கு, ஒன்றரை ஷிப்ட் முடிந்து தெரு நிறைய ஜனம் வரும் நேரத்தில், தாயும் மகளும் சிநேகிதர் வீட்டு வாசலில் நின்றார்கள்.

"பழசைக் கேக்கலீங்க. இன்னைக்கு உதிரிய நாளைக்கு எண்ணிக்கையில சேத்துக்கலாமுங்களான்னு மட்டும் கேட்டேனுங்க."

"என்ன சொன்னார்?"

"பாக்கலாம்னாருங்க."

அவ்வளவுதான். கொடுப்பார் என்றோ மாட்டார் என்றோ எனக்கு இன்றுவரை தகவல் இல்லை. ஆனால் அந்தப் பெண் விரித்துக் காட்டிய நோட்டில் தேதி, பீஸ், டஜன் என்ற மூன்று கட்டங்களுக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு கோடு போட்டு நாலாவது கட்டம் இருந்தது. 'மீதி' என்று தலைப்பு. அந்தக் கையெழுத்து மகளுடையதல்ல, அம்மாவுடையது.